குடிலில் ஐந்து ஆடுகள்

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை. காலை ஏழு இருபதுக்கு நான் மழலை வகுப்பின் கதவைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் குடிலில் இயேசு பாலன் இல்லை.

வைக்கோலில் அவர் படுத்திருந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் மரியாளும் சூசையப்பரும் முழந்தாளிட்டு அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடும் கழுதையும் இடையர்களும், பிள்ளைகள் பாசிக்கு நடுவே பதித்து வைத்த கண்ணாடித் துண்டுக் குளமும் இடம் மாறாமல் இருந்தன. ஜன்னலில் கொக்கி போட்டிருந்தது. கதவுப் பூட்டை இப்போது நான்தான் திறந்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் மலையில் பாலன் காணாமல் போனால் யாரும் போலீசுக்கு ஓடுவதில்லை. கிறிஸ்துமஸுக்குப் படுக்க வைத்த பாலனை, பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுத்திரித் திருநாளுக்குள் எழுப்பி நிற்க வைத்தாக வேண்டும். அதற்குப் பரதூரா என்று பெயர். பட்டுத்துணியின் நான்கு முனைகளை நான்கு பேர் பிடித்து, பாலனை அதில் கிடத்தி, வயலினோடு சுற்றி வந்து நிற்க வைப்போம். கேக்கும் இனிப்பு ஒயினும் உண்டு. இதைச் செய்யாமல் நாள் கடத்துகிற வீட்டிலிருந்து யாராவது பாலனைத் திருடிப் போய்விடுவார்கள். திருடினவர் ஒப்புக்கொள்ளக்கூடாது. தெரிந்தவர் காட்டிக்கொடுக்கக்கூடாது. பறிகொடுத்தவர்கள் பிள்ளைகளுக்குத் தேவதை வேஷம் போட்டு, பாடிக்கொண்டு வீடு வீடாகத் தேடிப் போக வேண்டும். கிடைத்த வீட்டில் விருந்து.

எங்கள் வகுப்பின் பரதூராவை நான் இரண்டு முறை தள்ளிப் போட்டிருந்தேன். முதல் முறை வயலின்காரருக்குக் கை சுளுக்கு, இரண்டாம் முறை பள்ளித் தலைமை சிஸ்டருக்கு மெரிடா நகரத்தில் கூட்டம். ஆகவே இது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சிரிப்பு நின்றது பூட்டை நினைத்ததும்தான். பள்ளிக்கு இரண்டு சாவிக் கொத்து. ஒன்று என்னிடம். மற்றது பத்தொன்பது வருடமாக இங்கே சமையல் பார்க்கும் நொல்பெர்த்தாவிடம். அவர் காலை ஐந்தரைக்கு வந்து அடுப்பு மூட்டுவார். சனிக்கிழமையும் வந்து பாத்திரம் தேய்த்துப் போவார். வெள்ளிக்கிழமை காலை ஜெபத்தின்போது பாலன் இருந்தார், நானே பார்த்தேன். திங்கட்கிழமை இல்லை. நடுவில் உள்ளே வந்தவர் ஒரே ஒருவர்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அன்று வானிலை அட்டை மாட்டுகிற முறை யுஸ்மெலிஸுடையது. அவள் மூடுபனி அட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியவள் குடிலைப் பார்த்தாள்.

"டீச்சர், பாலன் எழுந்து போயிட்டாரு."

"செருப்புப் போடாமயா?" என்றான் நெக்தாரியோ.

"அவருக்குச் செருப்பே கிடையாது. மக்கு."

"இந்தக் குளிர்ல சளி பிடிக்கும். எங்கம்மா திட்டுவாங்க."

"உங்கம்மா எதுக்கு அவரத் திட்டணும்? அவருக்கு அம்மா இருக்காங்க, தோ."

எல்லோரும் மரியாளைப் பார்த்தார்கள். பாலனை யாரோ விளையாட்டுக்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள், பாடிக்கொண்டே போய்த் தேடுவோம் என்று சொல்லி அவர்களை உட்கார வைத்தேன். யார் இறக்கை கட்டுவது என்ற சண்டையில் ஐந்து நிமிடம் போனது.

வருகைப் பதிவேட்டில் பதினாறு பேர். எலிசேயோ மட்டும் வரவில்லை. நான்கரை வயதுப் பையன், விடுப்பு எடுக்காதவன். அவன் வராததால் வெள்ளிக்கிழமைப் பையும் வரவில்லை.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பின் துணி ஆட்டுக்குட்டி கோபித்தோ ஒரு பிள்ளையின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். கோபித்தோ என்ன சாப்பிட்டது, எங்கே தூங்கியது, என்ன ஜெபம் சொன்னது என்று வீட்டில் எழுதித் தருவார்கள். போன வெள்ளிக்கிழமை யாரோ கோபித்தோவின் மேல் பீட்ரூட் சாற்றைக் கவிழ்த்துவிட்டார்கள். அதை அலசி அடுப்படிக் கொடியில் தொங்கவிட்டிருந்தோம். முறை எலிசேயோவுடையது. அவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது. "அழாதீங்க. கோபித்தோவுக்குப் பதிலா குடில்லேர்ந்து உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துப் பைல வெச்சுக்குங்க" என்றேன். குடிலில் ஐந்து மர ஆடுகள் இருந்தன. அந்த நேரத்தில் நான் வாசலில் நின்று இரண்டு தாய்மாரோடு பேசிக்கொண்டிருந்தேன். பிறகு பதிவேட்டில் எழுதினேன்: எலிசேயோ, குடிலிலிருந்து ஆடு ஒன்று.

திங்கட்கிழமை எண் பாடத்துக்கு அந்த ஆடுகளையே எடுத்துக்கொண்டேன். யுஸ்மெலிஸ் குடில் பக்கத்தில் நின்று விரல் வைத்து எண்ணினாள்.

"அஞ்சு."

"நல்லா எண்ணுங்க. ஒரு ஆடு எலிசேயோ வீட்டுக்குப் போயிருக்கே?"

அவள் திரும்ப எண்ணினாள். "அஞ்சு, டீச்சர்."

"அஞ்சு ஆட்டுல ஒண்ணு போனா?"

யுஸ்மெலிஸ் ஆடுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நாலு" என்றாள்.

"அதான். கை தட்டுங்க எல்லாரும்."

தட்டினார்கள். என் கவனமெல்லாம் சமையலறைப் பக்கம் இருந்தது.

பத்து மணிக்கு நொல்பெர்த்தா எனக்குச் சூடான வெல்லத் தண்ணீர் கொண்டுவந்தார். தினமும் கொண்டுவருவார், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவரே எனக்கென்று ஒதுக்கிய நீல எனாமல் கோப்பையில்.

"நொல்பெர்த்தா, குடில் காலியா இருக்கு. பாத்தீங்களா?" என்றேன்.

"ஐயையோ. அப்படியா!" என்று வாயில் கை வைத்தார். ஆனால் கண் சிரித்தது. "யார் செஞ்ச வேலையோ. உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"சனிக்கிழமை நீங்க வந்தப்ப இருந்தாரா?"

"நான் குடில் பக்கமே போகல." ஒரு கண்ணைச் சிமிட்டினார். "நல்லாக் கேக்கறீங்க. இன்னும் கொஞ்சம் கோவமாக் கேட்டீங்கன்னா நானே நம்பிடுவேன்."

அந்தச் சிமிட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கப்படி திருடினவர்கூட முகத்தை நேராக வைத்துக்கொண்டு மறுப்பார். இவர் ஏதோ நானும் கூட்டு என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனார்.

சிஸ்டர் அம்பாரோவுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் செப்டம்பரில் மரக்காய்போவிலிருந்து எங்களுக்குத் தலைமை ஏற்று வந்தவர். வெயில் ஊர்க்காரர்கள் உரக்கப் பேசுவார்கள், எல்லோரையும் 'நீ' என்பார்கள். கோபமில்லை, அவர்கள் பேச்சே அப்படி. நாங்கள் நாய்க்குட்டியை விரட்டும்போதும் 'போங்க' என்று சொல்லி வளர்ந்தவர்கள். ஒவ்வொரு 'நீ'யும் எங்களுக்குச் சுருக்கென்றுதான் படும்.

"திருட்டுன்னா திருட்டுதான் எர்சிலியா. வழக்கம்னு ஒரு பேர் வெச்சுட்டா?" என்றார். "இது நூறு வருஷத்து மரச் சுரூபம். பங்குக் கோயில் பொருள் பட்டியல்ல நான் கையெழுத்துப் போட்டு வாங்கினது. போன மாசம் பழைய சுரூபம் இருக்கான்னு ஒரு ஆளு வேன்ல வந்து கேட்டுட்டுப் போனானே, மறந்துட்டியா?"

மறந்திருந்தேன். அவர் சொன்னதும் அது என் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. தோல் தொப்பி, மீசை, நகரத்து ஷூ. அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தது நொல்பெர்த்தா.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"என்கிட்ட ஒண்ணு. நொல்பெர்த்தாகிட்ட ஒண்ணு."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வரலைன்னா சாவியை வாங்கிட்டு வேற ஆளு வெச்சுக்குவேன்" என்றார் சிஸ்டர்.

அந்த வாரத்தை நான் குறித்து வைத்திருக்கிறேன். செவ்வாய், மதியம் ஒன்று பத்து: நொல்பெர்த்தா பின்வாசல் வழியாக வெளியே போனார். ருவானா போர்வைக்கு உள்ளே வட்டமாக ஏதோ ஒன்றை அணைத்திருந்தார். வழக்கமாக முன்வாசலில் போகிறவர். புதன், காலை: அவரே வந்து, "என்னைக்கு டீச்சர் தேடப் போறோம்? இறக்கையெல்லாம் இஸ்திரி போடணுமே" என்று கேட்டார். புதன், மதியம்: ஊரில் நான்கு பேரிடம் கேட்டேன். மாவு மில்காரர், "எங்க வீட்ல இல்ல" என்று இழுத்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். தபால் நிலையத்துப் பெண், "இருந்தாலும் சொல்லுவேனா?" என்றாள். மற்ற இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். இந்த மாதத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான். இல்லை என்பதை யாரும் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். மூன்று நாளில் எனக்கு எல்லா முகமும் திருட்டு முகமாகத் தெரிய ஆரம்பித்தது.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எலிசேயோவைப் பார்க்கப் போனேன். மூன்று நாள் வராத பிள்ளையை வீட்டில் போய்ப் பார்ப்பது என் வழக்கம். அவர்கள் வீடு ஆற்றங்கரைக்கு மேலே, பூண்டு வயலுக்கு நடுவில். அவன் தாய் அவுதெலினா கதவை ஒரு சாண் திறந்து அதில் தன் உடம்பை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் டீச்சர். ஒட்டிக்கும். உள்ள வராதீங்க."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினோம். அதாவது, காட்டப் போறோம்."

உள்ளே இருந்து எலிசேயோவின் குரல் கணீரென்று கேட்டது. "அம்மா, டீச்சரா? நான் சொல்லல! நான் சொல்லவே இல்ல!" யாரோ அவன் வாயைப் பொத்துகிற சத்தம். காய்ச்சல்காரக் குரலாக அது இல்லை. முட்டையும் சோம்பும் சேர்ந்து வேகிற வாசனை கதவு இடுக்கில் வந்தது. அவளுடைய தோளுக்கு மேலே மேசையைப் பார்த்தேன். அதில் நொல்பெர்த்தாவின் வட்ட கேக் தட்டு. விளிம்பில் நசுங்கிய அந்தத் தட்டை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

"நொல்பெர்த்தா இங்க வந்தாங்களா?"

"எலிசேயோவுக்கு ஞானத்தாய் ஆச்சே, வராம இருப்பாங்களா?" என்றாள் அவுதெலினா. பிறகு உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கினாள். "போயிட்டு வாங்க டீச்சர். பனி இறங்குது."

வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. வீட்டில் விசேஷத்துக்குச் சமைக்கிறார்கள். பிள்ளையைப் பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள். போன வருடம் மூன்று குடும்பங்கள் இப்படித்தான் ஒருவரிடமும் சொல்லாமல் எல்லை தாண்டிக் கொலம்பியாவுக்குப் போயின. போகிற குடும்பத்துக்கு வழிச்செலவு வேண்டும். வேன்காரனுக்குச் சுரூபம் வேண்டும். நடுவில் சாவி வைத்திருக்கிற ஞானத்தாய். கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது என்பதை மறைக்கவில்லை. மறுநாள் காலை எல்லாவற்றையும் வரிசையாகச் சிஸ்டரிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, இருபத்தாறாம் தேதி, பிள்ளைகள் போன பிறகு சிஸ்டர் சமையலறைக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார். நொல்பெர்த்தா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பாலன் எங்க?" என்றார் சிஸ்டர்.

"பத்திரமா இருக்காரு சிஸ்டர்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும். டீச்சருக்கும் தெரியும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லிடலாமா டீச்சர்? சிஸ்டருக்கு நம்ம ஊரு விளையாட்டெல்லாம் புதுசு. பாவம், பயந்துட்டாங்க."

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "என்னை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

அவர் சிரிப்பு முகத்தில் அப்படியே உறைந்து நின்றது. "விளையாட்டு போதும் டீச்சர். சிஸ்டர் உண்மையாவே கேக்கறாங்க."

"நானும் உண்மையாத்தான் கேக்கறேன். செவ்வாய்க்கிழமை போர்வைக்குள்ள என்ன கொண்டு போனீங்க?"

"கேக் தட்டு."

"யார் வீட்டுக்கு?"

நொல்பெர்த்தா என் முகத்தையே பார்த்தார். என்னை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பானையில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, அடுப்பை எட்டி அணைத்தார்.

"அப்படியா" என்றார் கடைசியில். "சரி. யார் வீட்ல இருக்காருன்னு என் வாயால வராது. அது முறையில்ல. கொடுத்தவங்க சொல்லட்டும்."

கொடுத்தவர்கள், வாங்கினவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். சிஸ்டர் கையை நீட்டினார். "சாவியைக் கொடு. திங்கட்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்."

கொத்தை மேசைமேல் வைத்தார். கையில் தரவில்லை. ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். "சூப்புல கொத்தமல்லி போடல. கடைசில போடணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முன்வாசல் வழியாகப் போனார்.

திங்கட்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, சிஸ்டரே பாலும் உருளைக்கிழங்கும் போடுகிற பிஸ்கா சூப் வைத்தார். பால் திரிந்துவிட்டது. நெக்தாரியோ கரண்டியைக் கீழே வைத்து, "நொல்பெர்த்தா எப்ப வருவாங்க?" என்றான். "முதல்ல பாலன் போனாரு. அப்பறம் எலிசேயோ. இப்ப அவங்க. அடுத்தது யாரு?" என்று யுஸ்மெலிஸ் கேட்டாள். இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். அடுத்தது தாங்கள்தானோ என்று அவர்களுக்குப் பயம்.

கவனத்தைத் திருப்ப எண் பாடத்தை எடுத்தேன். உருளைக்கிழங்கு அறுவடைக் காலம் ஆகையால் ஆளுக்கு ஒரு கை கிழங்கு கொண்டுவந்திருந்தார்கள். பெரியது, சிறியது என்று பிரித்தோம். குடிலில் இருக்கும் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கிழங்கு வைக்கச் சொன்னேன். யுஸ்மெலிஸ் கிழங்குகளை மடியில் அள்ளிப் போய் வைத்துவிட்டு வந்தாள்.

"எத்தனை வெச்சீங்க?"

"நாலு."

"சரி."

"ஆனா ஒரு ஆட்டுக்குக் கிடைக்கல டீச்சர். அது பாத்துட்டே இருக்கு."

"ஆடு மொத்தமே நாலுதானே? அன்னைக்கே சொன்னேன்ல?"

"நீங்க சொன்னீங்க" என்றாள். பிறகு என் சுட்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குடிலுக்கு முன்னால் நிறுத்தி, என் விரலையே ஒவ்வொரு ஆட்டின் தலையிலும் வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது ஆடு கழுதைக்குப் பின்னால் பாசியில் சாய்ந்திருந்தது. அதன் தலையிலும் என் விரலை வைத்தாள்.

நான் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்துத் தெளிவாகத்தான் இருந்தது. எலிசேயோ, குடிலிலிருந்து ஆடு ஒன்று. அவன் எதை எடுத்தான் என்று நான் பார்க்கவே இல்லை. பிடித்ததை எடுக்கச் சொன்னேன். எடுத்தான்.

பிள்ளைகளைச் சிஸ்டரிடம் விட்டுவிட்டுப் பூண்டு வயல் வழியாக ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்த மேட்டில் ஓடக்கூடாது. அவுதெலினா கதவைத் திறந்ததும், மூச்சு வாங்க, "பையில என்ன இருந்தது?" என்றேன்.

"என்ன டீச்சர் இது, இப்பவேவா? இன்னும் தேடல் வரலையே. பாட்டு எங்க, பிள்ளைங்க எங்க?"

"பையில என்ன இருந்தது, அவுதெலினா?"

அவள் முகம் மாறியது. "நீங்கதானே கொடுத்தனுப்பினீங்க?"

உள்ளே கூட்டிப் போனாள். சுவர் ஓரம் வெள்ளைத் துணி விரித்த மேசை, புது மெழுகுத்திரிகள், ஆறு கேக். நடுவில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பாலன். எலிசேயோ பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை பையைத் தொறந்தேன். பாலன்!" என்றாள் அவுதெலினா. "என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். 'ஏங்க, இந்த வருஷம் டீச்சர் நம்மளத்தான் திருடனா வெச்சிருக்காங்க'ன்னேன். இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் அந்த மரியாதை கொடுத்ததில்ல. நாலு வயசு வாயில ரகசியம் நிக்காதுன்னு பையனை வீட்டுலயே வெச்சேன். நொல்பெர்த்தாக்காகிட்ட மட்டும் சொன்னேன், தட்டு வேணுமே. வியாழக்கிழமை நீங்க வந்து கண்ணைக்கூடச் சிமிட்டாம விசாரிச்சீங்களே! நானும் அவரும் சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலி. டீச்சர் நாடகத்துல நடிக்கலாம்னு சொன்னாரு."

"நான் நடிக்கல. நொல்பெர்த்தாவை வேலையை விட்டு நிறுத்தியாச்சு."

அவுதெலினா உட்கார்ந்துவிட்டாள். "நேத்து வந்தாங்களே. இடுப்பு வலி, லீவுன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலையே."

"டீச்சர்," என்றான் எலிசேயோ, "நான் சொல்லவே இல்ல. பத்து நாள்."

"தெரியும். கெட்டிக்காரர் நீங்க" என்றேன்.

சிஸ்டரிடம் பதிவேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். முழுவதும் சொன்னேன். அவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "கூப்பிட்டு வரச் சொல்லு. சாவியைத் திருப்பிக் கொடுத்துடலாம்" என்றார்.

"வரமாட்டாங்க சிஸ்டர். எல்லாருக்கும் தெரியறாப்பல போகச் சொன்னோம். எல்லாருக்கும் தெரியறாப்பல நாமதான் போகணும்."

"நானுமா?"

"நீங்களும்."

பிப்ரவரி இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்குத் தேடல் புறப்பட்டது. பதினைந்து தேவதைகள், அதில் இரண்டுக்கு ஒற்றை இறக்கை. பெற்றோர், வயலின், மெழுகுத்திரிகள். எல்லோரும் நேராக ஆற்றங்கரைப் பக்கம் திரும்பப் பார்த்தார்கள். யார் வீட்டில் இருக்கிறார் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. நான் அவர்களை மேல் பாதைக்குத் திருப்பினேன். நொல்பெர்த்தாவின் கதவு மூடியிருந்தது. பிள்ளைகள் பாடினார்கள்:

வீட்டுக்காரரே, கதவைத் திறங்க,
பாலனைக் காணோம், பாத்தீங்களா?

முறைப்படி உள்ளே இருந்து பதிலும் பாட்டாக வர வேண்டும். வரவில்லை. வயலின்காரர் அந்த வரியை மறுபடி வாசித்தார். பிள்ளைகள் மறுபடி பாடினார்கள். பிறகு உள்ளேயிருந்து பேச்சாகவே வந்தது.

"இங்க எதுக்குத் தேடறீங்க? திருடி வீடுன்னா?"

நான் கதவுக்குப் பக்கத்தில் போனேன். உரக்கச் சொன்னால்தான் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும் என்று உரக்கவே சொன்னேன்.

"பாலனைப் பையில வெச்சு அனுப்பினது நான். என்ன அனுப்பினேன்னு பாக்கல. உங்க பேரைச் சிஸ்டர்கிட்ட சொன்னதும் நான்தான்."

"எத்தனை ஆடு இருந்துச்சு டீச்சர்?" என்றது குரல். யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

"அஞ்சு."

"யுஸ்மெலிஸ் சொன்னாங்களாமே."

"சொன்னாங்க. நான் கேக்கல."

யுஸ்மெலிஸ் இறக்கையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றாள். சிஸ்டர் அம்பாரோ என்னைத் தாண்டிக் கதவருகே போனார். சாவிக் கொத்து கையில் இருந்தது.

"நொல்பெர்த்தா, நான் விசாரிக்காம சாவியை வாங்கிட்டேன். தப்பு. நீ..." என்று தொடங்கி நிறுத்தினார். "நீங்க திரும்ப வரணும்."

கதவு திறந்தது. நொல்பெர்த்தா ஞாயிற்றுக்கிழமைப் பூசை உடையில் நின்றார். எப்போது உடுத்தினாரோ. சாவிக் கொத்தைப் பார்த்தார், வாங்கவில்லை.

"வர்றேன். பிள்ளைங்களுக்குப் பால் திரிஞ்சு போச்சாமே" என்றார். "ஆனா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சிஸ்டர். இனிமே காலைல அஞ்சரைக்கு நீங்க வந்து தொறங்க. சாயந்திரம் நீங்களே பூட்டுங்க. எது காணாமப் போனாலும் என் கைல சாவி இருந்ததுன்னு யாரும் சொல்லக்கூடாது."

"அஞ்சரைக்கா?" என்றார் சிஸ்டர். வெயில் ஊர்க்காரருக்கும் எங்கள் விடியற்காலைக் குளிர் இதற்குள் தெரிந்திருந்தது.

"அஞ்சரைக்கு. அடுப்பு பிடிக்க அரை மணி ஆகும்."

"சரி."

அதற்குப் பிறகு எல்லோரும் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். எலிசேயோ கதவைத் திறந்து, "நான்தான் திருடன்!" என்று கத்தினான். இரண்டு வாரம் அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் விட்டான். பட்டுத்துணியில் பாலனைக் கிடத்தினார்கள். ஒரு முனை அவுதெலினா, ஒரு முனை அவள் கணவர், ஒன்று நொல்பெர்த்தா. நான்காவது முனைக்கு என்னைத் தள்ளினார்கள். நொல்பெர்த்தா எனக்கு எதிர் முனையில் இருந்தார். வீட்டைச் சுற்றி வரும்போது துணி ஒரு பக்கமாகச் சரியாமல் இருக்க நாங்கள் இருவரும் ஒரே அளவு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தோம். பாலனை நிற்க வைத்தபோது அவர் கம்பளிச் சட்டையோடு நேராக நின்றார். கேக் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை, ஐந்தாம் தேதி, நான் ஏழு மணிக்கு வந்தபோது சிஸ்டர் இரண்டு சால்வை போட்டுக்கொண்டு சமையலறை அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது. நொல்பெர்த்தா அவருக்குக் கோதுமை அரேப்பா ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளோடு குடிலைக் கலைத்தோம். பாசியைக் கூடையில் அள்ளினோம். ஆடுகளைப் பஞ்சில் சுற்றுவதற்கு முன் யுஸ்மெலிஸ் எண்ணினாள், ஐந்து என்றாள். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினேன்.

பத்து மணிக்கு வெல்லத் தண்ணீர் வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் டம்ளரில். நீலக் கோப்பை சமையலறை ஆணியில் கழுவித் தொங்குகிறது, போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். இன்று மார்ச் பதினெட்டு. இன்னும் மஞ்சள் டம்ளர்தான் வருகிறது. பிளாஸ்டிக் கையைச் சுடும். நான் ஒன்றும் கேட்பதில்லை, வாங்கிக் குடித்துவிடுகிறேன்.